வில்லின் குருதி

ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் ‘முஸாபகா, முனாளலா’ என்னும் பாடம் ஒன்றுண்டு. குதிரைப் பந்தயமும் அம்பெய்யும் போட்டியும் எந்த நிபந்தனைகளின்மேல் ஆகுமானவை என்பதை அது விளக்கும். நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில் அப்பாடம் வந்தபோது, “ஹஜ்ரத், இந்த வில்லை எதனால் செய்வார்கள்?” என்று எம் உஸ்தாதிடம் வினவினோம். “மூங்கிலாக இருக்கும். பாடத்தை ஓது” என்றார் அவர்.

அவர்மீது குறையில்லை. நாடக மேடையிலும் பொம்மைக் கடையிலும் கண்ட மூங்கில் வில்லையன்றி வேறொரு வில்லை அவரும் கண்டதில்லை, நாமும் கண்டதில்லை. பல்லாண்டுகள் கழிந்தபின், வில்வித்தைக்கென்றே அரபு மொழியில் எழுந்த நூல்களைப் பற்றி அறியத் தலைப்பட்டபோதுதான், மூங்கில் என்ற அந்த விடை உண்மையிலிருந்து எத்துணைத் தொலைவில் இருக்கிறது என்பது புலனாயிற்று.

அத்தகைய நூல்கள் பல. ஸுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபிக்காக 1187-ஆம் ஆண்டை ஒட்டி அத்தர்ஸூஸீ என்பார் போர்க்கருவிகளைப் பற்றி ஒரு நூல் யாத்தார். மம்லூக்கியர் ஆட்சியில், 1368-ஆம் ஆண்டை ஒட்டி, தய்பூகா அல்பக்லமிஷீ அல்யூனானீ என்பார் ‘குன்யதுத் துல்லாப்’ என்னும் நூலை எழுதினார். பெயரின் ஈற்றில் நிற்கும் ‘யூனானீ’ அவர் கிரேக்க வழியினராயிருக்கலாம் என்று எண்ண வைக்கிறது. லேத்தம், பேட்டர்சன் என்னும் இருவர் இதனை ஆங்கிலத்தில் ஆக்கி 1970-இல் வெளியிட்டனர்.

இந்நூலில் எம்மை நிறுத்திவைத்த இடம் ஒன்று. ஆசிரியர் வில்லை மனித உடலோடு ஒப்பிடுகின்றார். எலும்பு, தசை, நாளம், குருதி என உடலுக்கு நான்கு கூறுகள். வில்லுக்கும் அவ்வாறே நான்கு. மரம் அதன் எலும்பு. கொம்பு அதன் தசை. விலங்கின் நரம்பு அதன் நாளம். பசை அதன் குருதி. மனிதனுக்கு முதுகும் வயிறும் உள்ளனபோல் வில்லுக்கும் உள்ளன. மனிதன் வயிற்றுப் பக்கமாகத் தங்குதடையின்றிக் குனிவான். முதுகுப் பக்கமாக வளைத்தாலோ ஊறுபடுவான். வில்லும் அத்தகையதே என்கிறார்.

மரத்தை எலும்பு என்றதும் கொம்பைத் தசை என்றதும் எளிதில் விளங்குகின்றன. பசையைக் குருதி என்றது ஏன்? ஒட்டுவதற்கு உதவும் ஒரு பண்டத்திற்கு உயிரையே தாங்கும் பொருளின் பெயரைச் சூட்டுவானேன்? புலவர் வழக்கமாகச் செய்யும் அலங்காரம் என்று முதலில் கடந்து சென்றோம். அது அலங்காரமன்று என்பது பின்னர்த் தெரிந்தது.

துருக்கியரும் அரபியரும் பாரசீகரும் கையாண்ட வில் ஒரே மரத்தில் வளைத்ததன்று. நடுவில் மெல்லிய மரச்சட்டம். துருக்கியில் பெரும்பாலும் மேப்பிள் மரம். அதுவும் ஒரே துண்டு அன்று. கைப்பிடி, இரு கைகள், இரு முனைகள் எனத் தனித்தனியே செதுக்கி, மீன்வால் போன்ற வெட்டுகளால் ஒன்றினுள் ஒன்றைச் செருகி ஒட்டுவர். வில்லாளியை நோக்கும் பக்கத்தில் எருமைக் கொம்பைப் பிளந்து பட்டையாக்கி ஒட்டுவர். மறுபக்கத்தில், அதாவது இலக்கை நோக்கும் முதுகில், மாட்டின் காலிலுள்ள நரம்பை உலர்த்தித் தட்டி இழை இழையாகப் பிரித்துப் பசையில் தோய்த்துப் படியவைப்பர். தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிற்றையே ஈண்டு நரம்பு என்கிறோம். கசாப்புக் கடையில் கத்திக்கு அடங்காமல் வழுக்குமே, அதுவே.

இம்மூன்றும் இந்த இடங்களில் ஏன் அமைந்தன? வில்லை வளைக்கும்போது அதன் முதுகு நீள முயலும். வயிறு நெருங்கிச் சுருங்க முயலும். நரம்பு இழுவையைத் தாங்குவதில் வில்மரத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வல்லது. கொம்பு நெருக்கத்தைத் தாங்குவதில் கடினமரத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வல்லது. இக்கணக்கைத் தந்தவர் பால் குளோப்ஸ்டெக் என்னும் அமெரிக்க இயற்பியலார். துருக்கிய வில்லைப் பற்றி அவர் எழுதிய நூல் 1934-இல் வெளிவந்தது. மரத்தின் வேலையோ இவ்விரண்டையும் ஓர் இடைவெளியில் நிறுத்திவைப்பது மட்டுமே. இக்காலத்தில் கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துப் படகும் தொட்டியும் வார்க்கின்றார்களே, அந்த வகைக் கூட்டுப்பொருளுக்கு நரம்பிழையும் பசையும் சேர்ந்த அந்த முதுகு முன்னோடி எனலாம்.

இனிப் பசைக்கு வருவோம். பழைய கிதாபு ஒன்றைக் கையில் எடுத்து இரு கைகளாலும் வளைத்துப் பாருங்கள். பக்கங்களின் ஓரம் படிக்கட்டுப்போல் ஒன்றன்மேல் ஒன்று நழுவும்; நூல் தளர்ந்து வளைந்து கொடுக்கும். அதே பக்கங்களை ஒன்றோடொன்று முழுவதும் ஒட்டிவிட்டால் அஃது ஒரு பலகையாகிவிடும், எளிதில் வளையாது. தாள் அதே தாள்தான். நழுவுவதைத் தடுத்ததே பசையின் வேலை. வில்லிலும் இதுவே நிகழ்கிறது. ஒவ்வொரு முறை நாணை இழுக்கும்போதும் கொம்பு மரத்தின்மேல் நழுவப் பார்க்கிறது. நரம்பும் நழுவப் பார்க்கிறது. அவ்விரு நழுவலையும் மறுத்து நிற்பது தாளளவு கனமுள்ள பசைப்படலம். அது விட்டுவிட்டால் கொம்பு கொம்பாகவும் மரம் மரமாகவும் பிரியும். வில் என ஒன்று இராது. குருதி என்றவர் இதை அறிந்தே கூறினார்.

அப்பசையைக் காய்ச்சுவதும் எளிதன்று. நரம்புத் துணுக்குகளையும் தோலையும் நீரில் ஊறவைத்து மெல்லிய சூட்டில் நெடுநேரம் கரைத்து எடுப்பார்கள். கொதித்துவிட்டால் பசையின் வலிமை கெடும். நம்மூர்த் தச்சர் வச்சிரத்தை நேரே தீயில் வைக்காமல் வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. துருக்கியர் இதனுடன் டான்யூப் ஆற்றில் பிடிபடும் ஸ்டர்ஜன் மீனிலிருந்து எடுத்த பசையையும் கையாண்டனர். நரம்பிலிருந்து எடுத்த பசையால் நரம்பை ஒட்டும்போது இரண்டும் ஒரே பொருளாதலின் இணைப்பு எது, இழை எது என்று பிரித்தறிய இயலாது. கொம்பும் மரமும் அப்படிப்பட்டவை அல்ல. அவை பசைக்கு அந்நியம். ஆகவே சீப்புப் பல் போன்ற ஒரு கருவியால் இரு முகங்களிலும் நீளவாட்டில் பள்ளமும் மேடுமாகக் கீறுவர். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் சரியாக அமரவேண்டும். பிறகு நீர்த்த பசையை மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசி உலர்த்துவர். அதன்பின்னரே கெட்டிப் பசை தடவி, இரண்டையும் சேர்த்துக் கயிற்றால் இறுக வரிந்து கட்டிப் பல வாரங்கள் வைப்பர்.

அதற்கப்பால் நரம்பு ஒட்டும் பருவம். ஒரு படலம் உலர்ந்தபின் மற்றொன்று. இறுதியில் வில்லை எதிர்த்திசையில் வளையமாக வளைத்துக் கட்டி உலரவிடுவர். தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஓராண்டுக்கு மேலும் செல்லும். எந்த வேலையைக் குளிர்ப் பருவத்தில் செய்வது, எதை வெப்பப் பருவத்திற்கு விடுவது என்பதற்கு வரிசை இருந்தது. இந்நெறி துருக்கியருக்கு மட்டும் உரியதன்று. சீனத்தின் பழைய கைத்தொழில் நூலான காவ்குங்ஜியும் மரத்தைக் குளிர்காலத்திலும் கொம்பை இளவேனிலிலும் நரம்பைக் கோடையிலும் பக்குவப்படுத்தி, இலையுதிர் காலத்தில் மூன்றையும் இணைக்கச் சொல்கிறது. ஆண்டு முழுவதும் காத்திருப்பதைத் தொழிலின் ஒரு பகுதியாகவே கருதினர். பசை ஈரத்தை இழக்கும் வேகத்தை மனிதன் விரைவுபடுத்த முடியாது. விரைவுபடுத்தினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். இவ்வாறு அவசரத்தில் செய்த வில்லும் பொறுமையாகச் செய்த வில்லும் முதல் நாள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதல் அம்பையும் ஒன்றுபோலவே எய்யும். நூறாவது அம்பிலோ ஆயிரமாவது அம்பிலோதான் வேற்றுமை தெரியும்.

இதைத்தான் இக்காலப் பொறியியலார் ‘அயர்ச்சி’ என்கின்றனர். ஒரு பொருளை முறிக்கப் பெருவிசை வேண்டும் என்றே நாம் எண்ணுகிறோம். அப்படியன்று, முறிக்கப் போதாத சிறு விசையே ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் போதும். ஒட்டும்போது உள்ளே அகப்பட்ட ஒரு காற்றுக் குமிழி, விரல் பட்டு நெய்ப்பசை ஒட்டிய ஓர் இடம், பட்டை முடியும் ஓரம் ஆகிய இவற்றில் எங்கேனும் மயிரிழையளவு வெடிப்பு தொடங்கும். ஒவ்வொரு இழுப்பிலும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு முன்னேறும். ஒருநாள், வழக்கமான இழுப்பொன்றில், கொம்பு மரத்தைவிட்டு எழும்பிவிடும். பார்த்தவர், “நேற்றுவரை நன்றாயிருந்ததே” என்பார். நேற்றும் நன்றாயிருக்கவில்லை என்பதே உண்மை.

ஓரங்களில் ஏன் தொடங்குகிறது? அஞ்சலுறையில் ஒட்டிய தபால்தலையைப் பக்கவாட்டில் தள்ளி நகர்த்த முயலுங்கள், நகராது. அதன் மூலையை நகத்தால் தூக்குங்கள், எளிதில் உரியும். நழுவலைத் தடுப்பதில் பசை வீரன். உரிப்பதைத் தடுப்பதில் கோழை. ஒட்டிய பட்டை எங்கே முடிகிறதோ அங்கே உரிக்கும் விசை கூடி நிற்கிறது. வில்வினைஞர் கொம்புப் பட்டையின் முனையைச் சட்டெனத் துணிக்காமல் மெலித்து மெலித்து இறக்கி, அதன்மேல் நரம்பு சுற்றிக் கட்டியதன் காரணம் இதுதான். கணித வாய்பாடு அவர்கள் கையில் இல்லை. முறிந்த வில்கள் அவர்கள் முன் இருந்தன.

வெடிப்பு வளர்வதன் காரணத்தை ஏட்டில் நிறுவியவர் கிரிஃபித் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். 1920-இல் அவர் கண்ணாடியை முறித்து ஆராய்ந்து ஒன்று கூறினார்: வளைந்த பொருளில் ஆற்றல் சேமிப்பாக இருக்கிறது, வெடிப்பு சற்று நீளும்போது விடுபடும் ஆற்றல், புதிய பிளவு முகத்தை உண்டாக்கத் தேவையான ஆற்றலைவிட மிகுமானால் வெடிப்பு தானே ஓடும். இதை வில்லுக்குப் பொருத்திப் பார்த்தால் வியப்பு உண்டாகும். வில் என்பதே ஆற்றலைச் சேமிக்கும் கருவியன்றோ? எந்த ஆற்றல் அம்பை அனுப்புகிறதோ அதே ஆற்றல் வெடிப்புக்கும் உணவாகிறது. அம்பின்றி வெறும் நாணை இழுத்து விடக்கூடாது என்று வில்லாசான்கள் மாணவரைக் கண்டிப்பதன் பொருளும் அதுவே. அம்பு கொண்டுசெல்லவேண்டிய ஆற்றல், கொண்டுசெல்ல அம்பில்லாமல் வில்லின் உடலுக்கே திரும்பி இணைப்புகளை உதறுகிறது. எய்து முடித்ததும் நாணைக் கழற்றி வில்லுக்கு ஓய்வு தரும் வழக்கமும் இதனைச் சார்ந்ததே.

பசைக்குப் பெரும்பகை ஈரம். விலங்குப் பசை நீரில் கரைத்து எடுத்ததாதலின் நீர் வந்தால் மீண்டும் இளகும். மிக உலர்ந்தாலோ நொறுங்கும். ஆகவே வில்லின் முதுகுக்குத் தோலோ மரப்பட்டையோ போர்த்தி, மெருகெண்ணெய் பூசினர். கொரிய நாட்டில் இன்றும் இத்தகைய வில்லை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துப் பக்குவம் செய்து வெளியே எடுக்கின்றனர்.

இவ்வில் இந்தியாவுக்கு வந்தபோதுதான் கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. முகலாயர் கொம்பு வில்லை மிக விரும்பினர். ஓவியங்களில் அரசர் கையிலும் அமீர்கள் இடையிலும் அதைக் காணலாம். ஆனால் மழைக்காலம் நம் நாட்டில் மாதக் கணக்கில் நீடிக்கிறது. படைக்கொட்டிலில் அடுக்கி வைத்த கொம்பு வில்களின் இணைப்புகள் அந்த ஈரத்தில் விட்டுப்போயின. இந்தியாவில் எஃகு வில்கள் தோன்றியமைக்கு இதுவே காரணம் என்பர் ஆயுத வரலாற்றாசிரியர். எஃகு வில் கனமானது. அம்பை அத்துணை வேகமாக அனுப்பாது. எனினும் ஆண்டுக்கணக்கில் கொட்டிலில் கிடந்தாலும் பசை விடும் என்ற அச்சம் அதற்கில்லை; அதில் பசையே இல்லை. சிறந்ததை விட்டு நிலைப்பதைத் தேர்ந்த இம்முடிவைக் குறைகூற நமக்கு மனமில்லை.

இக்கலை உச்சம் பெற்ற இடம் இஸ்தான்பூல். 1453-இல் நகரை வென்ற ஸுல்தான் முஹம்மத் அல்ஃபாதிஹ் அம்பெய்வோர்க்கென ஒரு வெளியை ஒதுக்கினார். ஓக்மைதான் என்று அதற்குப் பெயர். அவர் மைந்தர் இரண்டாம் பாயஸீத் அங்கே வில்லாளிகளின் தக்கியாவைக் கட்டினார். மிகத் தொலைவு எய்தவர் நினைவாக அம்பு விழுந்த இடத்தில் கல் நடுவார்கள். தோஸ்கொபரான் இஸ்கந்தர் என்பார் 1281½ கெஸ், அதாவது சுமார் 845 மீட்டர் எய்தார் என்பது அங்குள்ள பதிவு. 900 கெஸ் தொலைவு எய்தவனையே வில்லாளிகளின் பதிவேட்டில் சேர்ப்பர். அன்று ஆசான் சபையின் முன் வில்லின் கைப்பிடியை அவன் கையில் கொடுப்பார். நம் மதரஸாக்களில் ஸனது வழங்குவதை நினைவூட்டும் இச்சடங்குக்குக் ‘கப்ஸா’ என்று பெயர். வில்வினைஞரும் தம் வில்லின் ஓரத்தில் சிறு எழுத்தில் பெயரும் ஆண்டும் பொறித்தனர். நம் வரலாற்று நூல்களில் ஸுல்தான்களின் பெயர்களை வரிசை தவறாமல் ஒப்பிக்கும் நாம், அவ்வோரத்து எழுத்துகளை ஒருமுறையேனும் படித்திருக்கிறோமா என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

துப்பாக்கி வந்தபின்னும் இக்கலை நெடுங்காலம் விளையாட்டாக உயிர்வாழ்ந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் துருக்கித் தூதரின் செயலாளர் மஹ்மூத் அஃபந்தி 482 கெஜம் எய்து காட்டியபோது ஆங்கிலேய வில்லாளிகள் வியந்தனர். அதன்பின் வீழ்ச்சி விரைந்தது. இரண்டாம் மஹ்மூத் ஸுல்தானின் செயல் இதில் இருமுகம் கொண்டது. 1826-இல் ஜானிஸரிப் படையை ஒழித்து ஐரோப்பிய முறையில் புதுப்படை அமைத்தவர் அவர். அவரே வில்வித்தையில் தீராத வேட்கை கொண்டு பயின்று கல்லும் நட்டவர். இக்கலையைப் பற்றி நூல் எழுதுமாறு முஸ்தஃபா கானீ என்பாரைப் பணித்ததும் அவரே. நூல் 1836-இல் முடிந்தது, ஸுல்தான் 1839-இல் மறைந்தார், அச்சானது 1847-இல். வில்லை எவ்வாறு ஒட்டிச் செய்வது என்பதை விரிவாக எழுதிவைத்த நூல் அது. அதுவரை அறிஞர் பலரும் எய்யும் முறையை ஏடேடாக எழுதினர். பசை காய்ச்சும் சூட்டையும் நரம்பு படியும் பக்குவத்தையும் சீடன் ஆசானின் கையைப் பார்த்தே கற்றான். கை இருக்கும்வரை ஏடு தேவைப்படவில்லை. கைகள் குறையத் தொடங்கிய பிறகே ஏடு வந்தது.

கொம்பு வில் மறைந்தது. பொருளைப் பொருளோடு ஒட்டி வலிமை தேடும் ஆசை மறையவில்லை. அது வேறொரு கருவியில் தலைகாட்டியது. 1940-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் இங்கிலாந்தில் ‘மஸ்கிட்டோ’ என்னும் போர் விமானம் முதன்முதலாகப் பறந்தது. அதன் உடல் உலோகமன்று. இலேசான பால்ஸா மரத்தை நடுவில் வைத்து, இருபுறமும் பிர்ச் ஒட்டுப்பலகையைப் பசையால் ஒட்டியது. நடுவில் இலேசான பொருள், வெளிப்புறங்களில் வலிய பொருள், இடையே பசை. வில்வினைஞன் கண்டால் உடனே அடையாளம் கண்டுகொள்வான். தொடக்கத்தில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையைக் கையாண்டனர். ஈரநாடுகளில் அதில் பூஞ்சை பிடித்ததால், யூரியா ஃபார்மால்டிஹைடு என்னும் செயற்கைப் பசைக்கு மாறினர்.

இவ்விமானங்கள் பர்மாப் போர்முனைக்காக இந்தியாவுக்கு வந்தன. கொம்பு வில்லைச் சோதித்த அதே மழைக்காலம் அவற்றையும் சோதித்தது. 1944-இன் பிற்பகுதியில் சில விமானங்கள் வானிலேயே சிதைந்தன, விமானிகள் மாண்டனர். நவம்பரில் அவ்வகை விமானங்களைப் பறக்க விடாது நிறுத்தினர். ஈரமும் வெப்பமும் பசையைக் கெடுத்தனவா, அன்றித் தொழிற்சாலையில் இணைப்புகளை நெருங்கப் பொருத்தாதது காரணமா என்று கருத்து வேறுபாடு எழுந்தது. ஆராய்ந்தோர் பொருத்தக் குறையையே பெரிதாகக் கண்டனர். மேட்டைப் பள்ளத்தில் அமர்த்தி, கயிற்றால் வரிந்து, வாரக்கணக்கில் காத்திருந்த கைகளை நாம் இங்கே நினைத்துக்கொண்டோம். போர்க்காலத் தொழிற்சாலைக்குக் காத்திருக்க நேரம் ஏது?

அதே காலத்தில், கேம்பிரிட்ஜை அடுத்த டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி புருயின் என்னும் அறிஞர் உலோகத்தையும் ஒட்டவல்ல ‘ரீடக்ஸ்’ பசையை 1941-இல் ஆக்கினார். ஆணியடித்த துளையில் வெடிப்பு தொடங்கும். ஒட்டினால் துளையே வேண்டாம். இந்நன்மையால் ஒட்டிணைப்பு விமானத் தொழிலில் வேரூன்றியது. பழைய பகையும் உடன் வந்தது.

1988-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், ஹவாய்த் தீவுகளில் ஹைலோவிலிருந்து ஹொனலூலுவுக்கு அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று 95 பேருடன் பறந்தது. 24,000 அடி உயரத்தில் முன்பகுதிக் கூரை சுமார் 18 அடி நீளத்திற்குப் பிய்ந்து பறந்தது. நின்று பணிபுரிந்துகொண்டிருந்த பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். விமானி எஞ்சிய உடலை மாவி தீவில் இறக்கினார். பயணிகள் அனைவரும் உயிர் தப்பினர். கூட்டுப்பொருளன்று, அலுமினியத் தகடுதான். ஆனால் தகட்டின் ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றேற்றிப் பசைத்துணியால் ஒட்டி, ரிவெட் ஆணியும் அடித்திருந்தனர். சுமையைப் பசை தாங்கும், ஆணி துணைநிற்கும் என்பதே திட்டம். குளிரில் வைத்திருந்து, வெளியில் எடுத்தபின் இறுகும் பசை அது. எடுக்கும்போது நீர்த்துளி படிந்தாலும், தாமதித்தாலும் பிடிப்புக் குறையும். கடற்காற்றின் உப்பீரம் எஞ்சியதைத் தின்றது. பசை விட்ட இடங்களில் முழுச்சுமையும் ஆணித்துளைகளின்மேல் விழுந்தது. தீவுக்குத் தீவு குறுகிய பறப்புகள். ஒவ்வொரு பறப்பிலும் உடல் ஒருமுறை உப்பி ஒருமுறை தளரும். 1969-இல் பிறந்த அவ்விமானம் அன்றுவரை அவ்வாறு 89,680 முறை உப்பித் தளர்ந்திருந்தது. துளைக்குத் துளை தோன்றிய சிறு வெடிப்புகள் ஒருநாள் கைகோத்துக்கொண்டன. ஏறும்போதே கதவருகே ஒரு வெடிப்பைக் கண்ட பயணி ஒருத்தி, யாரிடமும் அதைச் சொல்லவில்லை. பசை விட்டதையும் வெடிப்புகளையும் பராமரிப்புச் சோதனைகள் கண்டறியத் தவறின என்று விசாரணை அறிக்கை கூறியது.

கண்டறிவது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஒட்டிணைப்பு விட்டிருக்கிறதா என்று அறிய நாணயத்தால் தட்டி ஓசை கேட்கும் வழக்கம் விமானத் தொழிலில் இன்றும் இருக்கிறது. விட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். மீயொலிக் கருவிகளும் வந்துவிட்டன. அவை இடைவெளியைக் காட்டும். ஆனால் இடைவெளியின்றித் தொட்டுக்கொண்டு, பிடிப்பு மட்டும் மெலிந்து நிற்கும் இணைப்பை அவையும் காட்டா. பசையின் வலிமையை முறிக்காமல் அளக்கும் கருவி நம்பத்தக்க வகையில் இதுவரை வாய்க்கவில்லை. இதனால்தான் பயணிகள் விமானங்களில் உயிர்நிலையான இணைப்புகளைப் பசையை மட்டும் நம்பி விடாமல், ஆணியும் சேர்த்தே பெரும்பாலும் அமைக்கின்றனர். கொம்பின் முனையில் நரம்பு சுற்றிய வில்வினைஞனின் எச்சரிக்கை இதுவேயன்றி வேறென்ன?

வில்லின் எஞ்சிய கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். முஸ்தஃபா கானீயின் நூலை ஜெர்மானிய அறிஞர் ஒருவர் 1925-26-இல் தம் மொழியில் ஆக்கினார். அதனைக் கொண்டே குளோப்ஸ்டெக் தம் நூலை எழுதினார். இஸ்தான்பூலில் இக்கலையின் பழைய தொடரைக் கண்ட இறுதித் தலைமுறையினருள் ஒருவர் நஜ்முத்தீன் (1883-1976). பள்ளிவாசல் இமாம், எழுத்தணிக் கலைஞர், வண்ணத்தாள் செய்பவர், நூல் கட்டுபவர், ரோஜா வளர்ப்பவர், வில்லாளியும் கூட. 1934-இல் துருக்கியில் எல்லாரும் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவர் சூடிக்கொண்ட பெயர் ‘ஓக்யாய்’. ‘ஓக்’ அம்பு, ‘யாய்’ வில். 2019-இல் யுனெஸ்கோ துருக்கியின் மரபு வில்வித்தையை மானுடத்தின் கலைச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்தது. இன்று கொம்பும் நரம்பும் கொண்டு வில் செய்வோர் துருக்கியிலும் வேறு நாடுகளிலும் மீண்டும் தோன்றியுள்ளனர். ஏட்டைப் படித்து, பழைய வில்களின் உடைந்த துண்டுகளைப் பார்த்து, தங்கள் கையில் பல வில்கள் முறிந்தபின் கற்றவர்கள் அவர்கள்.

தொப்காபி அரண்மனைக் காட்சிச் சாலையில் ஸுல்தான்களின் காலத்து வில்கள் வரிசையாக இருக்கின்றன. நாண் இல்லாமல், நண்டின் கால்போல் முன்னோக்கிச் சுருண்டு, மெருகும் பொன்னெழுத்தும் மங்காமல் காணப்படுகின்றன. வினைஞரின் பெயரும் ஆண்டும் படிக்கும்படி இருக்கின்றன. அவற்றுக்கு நாண் ஏற்ற யாரும் முன்வருவதில்லை. கொம்புக்கும் மரத்துக்கும் நடுவே அந்தப் பசை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறதா, விட்டுவிட்டதா என்பதை வெளியிலிருந்து பார்த்து எவராலும் சொல்ல முடியாது.